யாரும் விட்டுப்போகலியே?

சுசீந்திரம்,
20 ஜனவரி 2025

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்குச் சர்க்கரை நூற்று அறுபதில் நிற்கிறது. படி ஏறினால் மட்டும் முழங்கால் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை. உன் உடம்பு, வில்பிரட்டின் உடம்பு, லீமாவின் படிப்பு மூன்றையும் இதே மாதிரி விவரமாக எழுது. எல்லாரும் சுகம் என்று ஒரு வரியில் முடித்தால் அது கடிதமாகாது, தந்தி.

மார்கழித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. மறுநாள் தென்முனைப் பேப்பரில் போட்ட செய்தியில் இரண்டு பிழைகள். தேர் நின்ற இடத்தையும் தவறாகப் போட்டு, நின்ற நேரத்தையும் தவறாகப் போட்டிருந்தார்கள். வழக்கம்போல் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு ஏஜென்ட் முத்துநாயகத்திடம் கொடுத்தேன். அவன் இன்னும் நம் தெருவுக்குத் தானே வந்து பேப்பர் போடுகிறான். "அம்மா, ஒங்க பென்சிலுக்குப் பயந்தே நாகர்கோவில் ஆபீஸ்ல ரெண்டு பேரு வேலைய விட்டுட்டானுவ" என்றான். எழுதத் தெரியாதவர்கள் விட்டால் நல்லதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர் பதினேழோடு அப்பா போய்ப் பத்து வருடம் ஆகிறது. பேப்பரில் நினைவஞ்சலி கொடுக்க வேண்டும்.

இந்த ஊர்க்காரர்களை உனக்குத் தெரியும். மற்ற எல்லாச் செய்தியும் போனில் முந்தின நாளே வந்துவிடுகிறது. ஆனாலும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் ஏழாம் பக்கத்துக்குத்தான் போகிறார்கள். யார் இறந்தார் என்று பார்க்க அல்ல. படத்துக்குக் கீழே யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்க. இருபத்தெட்டு வருடம் தென்முனைக்குச் சுசீந்திரத்துச் செய்தி அனுப்பிய உன் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். சாவு வீட்டில் உட்கார்ந்து பட்டியலை எழுதி முடித்ததும், "யாரும் விட்டுப்போகலியே?" என்று கேட்காமல் பேனாவை மூடமாட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான், சண்டை போட்டுக்கொண்டு மும்பைக்குப் போன தம்பியின் பெயர் யார் வாயிலிருந்தாவது வரும்.

இந்தத் தடவை மகள் சுனிதா, மருமகன் வில்பிரட், பேத்தி லீமா என்று மூன்று பெயரும் வர வேண்டும் என்பது என் விருப்பம். சம்மதத்தை எழுத்தில் தெரிவி. போனில் நாம் இரண்டு பேரும் மழையையும் சாப்பாட்டையும் தாண்டிப் போனதில்லை.

அண்ணன் உன்னை விசாரித்தான்.

அன்புடன்,
அம்மா தாணம்மாள்


வடோதரா,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சுனிதாவின் வணக்கம். நீங்கள் கேட்டபடி விவரம்: எனக்குத் தைராய்டு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. அவருக்கு ரத்த அழுத்தம் நின்ற இடத்தில் நிற்கிறது. லீமா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் இருக்கிறாள். வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது என்பது அவள் உத்தரவு. உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு பெல்ட் அனுப்பியிருக்கிறேன். பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள்.

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. எப்படி எழுதினாலும் உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும் என்பதால் தள்ளிப்போட்டேன். என் பெயர் வேண்டாம், அம்மா.

அந்தக் காலையை நான் இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. அப்பா போன மறுநாள் விடியற்காலை விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கி, பஸ் பிடித்துக் களியக்காவிளைக்கு வந்தேன். அங்கே நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கடையில் தென்முனை தொங்கியது. அப்பாவின் படத்தைப் பார்க்கலாம் என்று வாங்கினேன். வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தாவது ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்றிருந்தது. ஏழாம் பக்கத்தில் அப்பா இருந்தார். கீழே மனைவி, மகன், மருமகள், பேத்தி அஸ்வதி, தம்பி, தம்பி மனைவி, மைத்துனர் எல்லாரும் இருந்தார்கள். நான் இல்லை. கடைசியில் "இங்ஙனம்: மகன் எஸ். கிருஷ்ணமணி" என்று இருந்தது. நான் அழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஒங்களுக்கு வேண்டப்பட்டவியளா மக்களே?" என்று கேட்டார். பேப்பரில்தான் நான் அவருக்கு யாருமில்லையே.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் யார் கொடுத்தது என்று கேட்டேன். நான்தான் என்றான். அன்றைக்கு அவனோடு பேச்சை முடித்துக்கொண்டதுதான். வில்பிரட்டைக் கட்டிக்கொண்டதற்கு அப்பாவே லீமா பிறந்ததும் சமாதானமாகிவிட்டார். இவனுக்கு என்ன வந்தது?

அவன் வாய் திறந்து கேட்கட்டும். அப்புறம் பெயரைப் பார்ப்போம். உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பாசமுள்ள மகள்,
சுனிதா


சுசீந்திரம்,
8 மார்ச் 2025

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. பெல்ட் வந்தது. அளவு சரியாக இருக்கிறது, நிறம்தான் பொருந்தவில்லை. சர்க்கரை நூற்று எழுபது.

லீமா பரீட்சை எழுதும் பேனாவை மாற்ற வேண்டாம் என்று சொல். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்துவிட்டது. தோவாளையில் பிச்சிப்பூ விலை இந்த வாரம் ஏறியிருக்கிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறது. பேச்சிப்பாறை நீர்மட்டத்தையும் போட்டிருக்கிறது. அதில் பிழையில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். பேப்பரில் பெயர் விடுபடுவது சகஜம். சாவு வீடு என்றால் ஆயிரம் குழப்பம். ஏழு மணிக்குள் விவரம் போய்ச் சேராவிட்டால் மறுநாள் பதிப்பில் வராது. அந்த அவசரத்தில் யாரை யார் நினைப்பது? அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தான். அவன்மேல் கோபத்தை இவ்வளவு காலம் வைத்திருப்பது நன்றாயில்லை. போன வாரம்கூட ஒரு பலாப்பழத்தை அறுத்துவிட்டு, "சுனிதாக்கு சக்கை வறுத்தது பிடிக்கும்லா" என்றான். அதை நான் பார்சல் அனுப்புகிறேன். அவன் அனுப்பியதாக எடுத்துக்கொள்.

பெயர் விஷயத்தை மறுபடி யோசி.

அன்புடன்,
அம்மா


வடோதரா,
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சக்கை வற்றல் நொறுங்காமல் வந்தது. லீமா அரை டப்பாவை ஒரே நாளில் முடித்துவிட்டாள். பரீட்சை நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். அவர் உங்களுக்கு ஒரு பெரிய எழுத்துக் காலண்டர் வாங்கி வைத்திருக்கிறார். இந்த வருடம் டைரி அனுப்பியதே உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். டிசம்பர் வந்தால் எனக்கு வாங்குகிறாரோ இல்லையோ, அத்தைக்கு டைரி வாங்காமல் இருக்கமாட்டார்.

ஆனால் அம்மா, "சகஜம்" என்ற சொல்லை உங்கள் கையெழுத்தில் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். தேர் எந்த மூலையில் நின்றது என்பதற்கே பென்சிலை எடுக்கிறவர் நீங்கள். பெற்ற மகளின் பெயர் விடுபட்டது சகஜமா?

கேட்கக் கூடாது என்று பத்து வருடம் வைத்திருந்ததைக் கேட்டுவிடுகிறேன். அண்ணன் அந்தப் பட்டியலைக் கொடுத்தபோது நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுதுகொண்டிருந்தீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். நான் நம்புவேன்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது? டாக்டரைப் பார்த்தீர்களா?

பாசமுள்ள,
சுனிதா


வடோதரா,
19 மே 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. போன் செய்தால் மழை வரும்போலிருக்கிறது என்கிறீர்கள். இந்த மாதத்தில் அங்கே மழை வரும் என்று எனக்கும் தெரியும். லீமா தொண்ணூற்று ஒரு சதவீதம் வாங்கியிருக்கிறாள். மீதி ஒன்பது எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்கிறாள்.

நான் கேட்டது தப்பென்றால் கேட்காததாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதுங்கள்.

சுனிதா


சுசீந்திரம்,
9 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. லீமாவுக்கு என் ஆசீர்வாதம். ஒன்பது எங்கே என்று கேட்கமாட்டேன்.

கன்னிப்பூ சாகுபடிக்கு அணை திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அஸ்வதிக்குக் கல்லூரி திறக்கிறது.

நினைவஞ்சலி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பேப்பரில் போட்டுத்தான் அப்பாவை நினைக்க வேண்டும் என்றில்லை. நீ கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன்.

அம்மா


வடோதரா,
14 ஜூலை 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை எத்தனை சந்தோஷத்தோடு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா? உடம்பு விவரம் எல்லாம் அடுத்த பக்கத்தில்.

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அவன் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருடம். கவரைப் பிரிக்காமல் அரை மணி நேரம் அடுப்படியில் வைத்திருந்தேன். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அம்மைக்கு இப்போது சாப்பாடு இறங்குவதில்லை. உன் கடிதத்தை எடுத்து எடுத்து வைக்கிறாள். அந்தப் பட்டியலில் உன் பெயரை விட்டவன் நான்தான். வில்பிரட்டை நினைத்து அன்றைக்கு ஒரு கோபம். தப்பு. அண்ணனை மன்னித்துவிடு. அம்மைக்கு ஒரு நல்ல கடிதம் எழுது."

அவ்வளவுதான், அம்மா. இதைத்தான் நான் கேட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. இனி ஒன்றுமில்லை. நினைவஞ்சலியை நீங்கள் ஆசைப்பட்டபடியே போடுங்கள். மூன்று பெயரையும் போடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள்.

அண்ணனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெரிய மனசோடு மன்னித்தேன் என்று எழுதினால் சிரிப்பான்.

அவர் உங்கள் சுகம் கேட்டார்.

உங்கள் சுனிதா


சுசீந்திரம்,
28 ஜூலை 2025

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் கிடைத்து ஒன்பது நாள் ஆகிறது. அண்ணனுக்குப் பதில் எழுதுவதற்கு முன் இதைப் படி. உட்கார்ந்து படி.

அண்ணன் உனக்கு எழுதியது பொய்.

அப்பா இறந்த அன்று கிருஷ்ணமணி ஆஸ்பத்திரியில் இருந்தான். உடலைக் கொண்டுவரக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மாலை ஆறு மணிக்கு முத்துநாயகம் வந்தான். அப்பாவிடம் கற்றுக்கொண்டவன், எழுதுகிறதற்குத் தாளோடு வந்தான். உறவுக்காரப் பெண்களெல்லாம் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் நீ நம்புவாய். அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். தாளை நானே வாங்கி என் கையாலேயே எழுதினேன். மனைவி, மகன், மருமகள், பேத்தி என்று எழுதிக்கொண்டே வந்து, மகள் என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றேன்.

மகள் என்று எழுதினால் மருமகன் என்று எழுத வேண்டும். மறுநாள் காலை நான்கு ரத வீதியிலும், டீக்கடையிலும், பஸ்ஸிலும் "மருமகன் வில்பிரட்" என்று வாசிப்பார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில், சிலுவை மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து பதினோரு வருடம் படித்தவள் நான். நல்ல தமிழையும் இங்கிலீஷையும் அவர்களிடம்தான் வாங்கினேன். அதைச் சொல்லிப் பெருமைப்படாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவள் ஒரு பெயரைப் பார்த்துப் பயந்தேன். சொந்தக்காரர்களின் பெயர்களுக்குத் தாவிவிட்டேன்.

முத்துநாயகம் தாளைப் படித்தான். படித்துவிட்டு, அப்பா கேட்பதைக் கேட்டான். "யாரும் விட்டுப்போகலியே, அம்மா?" நான், "எழுதினத கொண்டு போ" என்றேன். இந்த ஊர் வழக்கப்படி கீழே மகன் பெயரைப் போட்டு அனுப்பினான். மகன் அதைப் பார்த்தது மறுநாள் காலை, எல்லாரும் பார்த்தபோதுதான்.

நீ வந்து கையில் பேப்பரோடு யார் கொடுத்தது என்று கேட்டாயே, அப்போது அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன், "நாந்தாம்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் வாய் திறந்திருக்கலாம். அன்று மாலை நீ புறப்படும்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு மூவாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் அடுத்தவர் பிழைக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவன் இரண்டாவது தடவையும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அதை அப்படியே விட்டிருந்தால் நீ மன்னித்திருப்பாய், அவன் சிரித்திருப்பான், நான் செத்த பிறகும் யாருக்கும் தெரிந்திருக்காது. எட்டு நாள் அப்படியே விடலாம் என்றுதான் இருந்தேன். அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

மன்னிப்பு என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அதை நீ கேட்டது அண்ணனிடம். என்னிடம் இன்னும் கேட்கவில்லை. ஆகையால் எழுதவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தாணம்மாள்


சுசீந்திரம்,
6 செப்டம்பர் 2025

விளம்பரப் பிரிவு மேலாளர்,
தென்முனை நாளிதழ், நாகர்கோவில்

ஐயா,

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறேன். உங்கள் நாளிதழின் முன்னாள் சுசீந்திரம் நிருபர் சிவதாணு பிள்ளையின் மனைவி நான். 18.10.2015 அன்று உங்களிடம் வெளியான அவருடைய மறைவு அறிவிப்பு தொடர்பாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். வாசகம் இணைத்திருக்கிறேன். வரும் அக்டோபர் 17 அன்று ஏழாம் பக்கத்தில் வர வேண்டும். எழுத்து மாறக் கூடாது.

தாணம்மாள் சிவதாணு


நாகர்கோவில்,
12 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சிவப்புப் பென்சிலை அலுவலகத்தில் அறியாதவர் இல்லை. சுகமாயிருக்கிறீர்களா?

பத்து ஆண்டுக்கு முந்தைய அறிவிப்புக்குத் திருத்தம் போட்ட வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்குப் பதில் ஐயாவின் வண்ணப் படத்தோடு நினைவஞ்சலி போடலாம். படத்துக்குக் கீழே வைக்க எங்களிடம் கவிதை வரிகள் பன்னிரண்டு ஆயத்தமாக உள்ளன. திருத்தம்தான் வேண்டுமென்றால், "வேண்டுமென்றே" என்ற சொல்லை எடுத்துவிட்டு "தவறுதலாக" என்று மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
சஜின்


சுசீந்திரம்,
15 செப்டம்பர் 2025

திரு. சஜின் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அம்மாவுக்கு என் அன்பு. அக்கறைக்கு நன்றி. "தவறுதலாக" என்பது பொய். ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யை ஏன் அச்சடிக்க வேண்டும்? வழக்கம் இல்லையென்றால் இப்போது தொடங்கட்டும். கவிதை வேண்டாம்.

தாணம்மாள் சிவதாணு


வடோதரா,
25 செப்டம்பர் 2025

அம்மாவுக்கு,

வணக்கம். எல்லாரும் சுகம். இந்தத் தடவை ஒரு வரிதான்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒன்றில் உங்களைத் திட்டியிருந்தேன். இன்னொன்றில் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன். இரண்டும் உண்மையில்லை.

அண்ணனுக்குப் போன் செய்தேன். யார் பேசுகிறது என்றுகூட அவன் கேட்கவில்லை. "சொல்லு மக்கா" என்றான், நேற்றுப் பேசி நிறுத்திய மாதிரி. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அம்மைய ஒண்ணும் சொல்லிராத. அன்னைக்கு அப்பா செத்த நாளாக்கும். நீ எங்கிட்ட பிணங்கினா நாளைக்கு வருவே. அம்மைகிட்ட பிணங்கினா அவளுக்கு யாரு உண்டு?" என்றான். நாளைக்கு வருவேன் என்று நினைத்திருக்கிறான். நான் பத்து வருடம் போகவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. அதிலும் அவரை நினைத்தால்தான் அதிகமாக இருக்கிறது. விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த வருடத்து டைரியை இப்போதே வாங்கி வைத்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வேன்?

மாத்திரையை விடாதீர்கள்.

சுனிதா


சுசீந்திரம்,
19 அக்டோபர் 2025

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அம்மா எழுதுவது. சர்க்கரை நூற்று நாற்பது. காரணம் தெரியாது என்று டாக்டர் சொல்கிறார். எனக்குத் தெரியும்.

இத்துடன் முந்தாநாள் தென்முனையின் ஏழாம் பக்கத்தை முழுசாக வைத்திருக்கிறேன். கத்தரித்து அனுப்பினால் நான் தனியாக அச்சடித்தேன் என்று நினைக்கப்போகிறாய். வலது பக்கம், கீழே. கடிதத்திலும் எழுதிவிடுகிறேன்.

"திருத்தம். சுசீந்திரம் எஸ். சிவதாணு பிள்ளையின் மறைவு குறித்து 18.10.2015 அன்று இந்நாளிதழில் வெளியான அறிவிப்பில் அவருடைய மகள் சுனிதா, மருமகன் வில்பிரட், பேத்தி லீமா ஆகியோரின் பெயர்கள் இல்லை. பட்டியலை எழுதியவள் நான். பெயர்களை வேண்டுமென்றே விட்டவளும் நான். கீழே பெயர் போடப்பட்டிருந்த மகன் கிருஷ்ணமணிக்கு இதில் பங்கு இல்லை. பத்திரிகைக்கும் இல்லை. தாணம்மாள் சிவதாணு."

பிழை ஒன்றும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே படித்தான். படித்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் முதல்தடவையாக என்னைச் சத்தம் போட்டான். "யாரு கேட்டா ஒங்கள? நான் கேட்டனா?" என்றான். நீ கேட்கவில்லை, அதனால்தான் என்றேன். மத்தியானம்வரை சாப்பிடவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். டீக்கடைக்குப் போய், எல்லாரும் பார்க்க நடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு டீ குடித்ததாக முத்துநாயகம் சொன்னான். அங்கே ஒருவர் ஏதோ சொல்லத் தொடங்கியதும், "எங்க அம்மையாக்கும் எழுதினது. பிழை உண்டுமா, பாத்துச் சொல்லும்" என்றானாம்.

இரண்டு நாளாக என்னைப் பார்த்துத் தெருவில் பேச்சு நின்றுபோகிறது. நான் பயந்தது இதற்குத்தான். நேரில் பார்த்தால் இவ்வளவுதான். பத்து வருடத்தை இதற்காகவா கொடுத்தேன் என்று ஆத்திரமாக வருகிறது. நேற்று வடக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் எழுதமாட்டேன். அரை மணி நேரம் வாழைக்குலை விலையைப் பேசிவிட்டு, புறப்படும்போது பைக்குள்ளிருந்து ஒரு பழைய பேப்பர் துண்டை எடுத்தாள். அவள் மாமியார் இறந்த அறிவிப்பு. "இதுல எனக்க மூத்த மகன் பேரு இல்ல பாத்தேளா" என்றாள். உட்காரச் சொன்னேன்.

இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு. நீ கேட்கும்வரை காத்திருப்பது பெருமை பார்ப்பது என்று புரிந்தது.

வில்பிரட்டிடம் நீ சொல்ல வேண்டாம். அவருக்குத் தனிக் கடிதம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. ஒட்டியிருக்கிறேன். நீ படிக்காதே.

அன்புடன்,
அம்மா


வடோதரா,
4 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். எனக்குத் தைராய்டு குறைந்திருக்கிறது. லீமா கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்து, ஆச்சி ஊர்ப் பேப்பரில் தன் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். படம் எடுத்து அனுப்பினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அழுதேன். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் பென்சிலை எடுப்பீர்கள். முக்கால்வாசி போயிருக்கிறது. மிச்சத்தை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். தை மாதம் லீமாவுக்கு விடுமுறை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஏட்டி, டிக்கெட் எடுத்துட்டுச் சொல்லு" என்கிறான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

அவருடைய கடிதத்தை நான் படிக்கவில்லை. அவரும் காட்டவில்லை. ஒட்டியிருந்ததைப் பிரித்துப் படித்துவிட்டு நெடுநேரம் பால்கனியில் நின்றார். வந்து, அத்தைக்கு நல்ல கையெழுத்து என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் அவர் புறப்பட்டுப் போன பிறகு பார்த்தால் ஏழாம் பக்கத்தைக் காணோம். சாயங்காலம் வந்ததும் கேட்டேன். ஆபீசுக்குக் கொண்டுபோயிருக்கிறார், அம்மா. அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து வைத்திருக்கிறார். என்ன இது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டாராம். இவர், என் மாமனார் ஊர்ப் பேப்பர் என்றாராம். அந்த மனிதர் எல்லா எழுத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் நீங்கள் எங்கே என்று கேட்டாராம்.

விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். மருமகன் என்பதிலிருந்து தொடங்கி.

பாசமுள்ள மகள்,
சுனிதா